கீழ்க்கணக்கு

தோட்டத்துப் பேச்சில் டிவிஷனுக்குப் பெயர் கணக்கு.
மேல்கணக்கு, கீழ்க்கணக்கு, புதுக்கணக்கு.
பிரதேச சபைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க
பஸ் ஏறி வந்தவன்
முதல் நாளே அந்தச் சொல்லில் தடுக்கினேன்.

நவம்பர் மழை. மண்டபத்துத் தகரத்தின் கீழே
யார் பேசினாலும் பாதிதான் கேட்கும்.
மேசையில் அடுத்த ஆண்டுப் பாதீடு:
கொங்கிரீட் பாதை, மயானச் சுவர்,
தெருவிளக்கு நாற்பது, தவிசாளர் வண்டிக்கு டயர்.
பதினேழாம் பக்கத்தில், கடைசிக்கு முந்திய வரியில்,
சிறுவர் நலன்:
ஒக்டோபர் முதலாம் திகதிக்கு
பலூன், இனிப்புப் பொதி, ஒலிபெருக்கி வாடகை.

மிச்ச முந்நூற்று அறுபத்துநாலு நாளுக்கு?
எழுதுநர் ஹேமமாலி பேனாவை மூடிச் சிரித்தாள்.
"அந்த நாளெல்லாம் பிள்ளைகள் தோட்டத்துக்குச் சொந்தம், சேர்."

சரி, கீழ்க்கணக்கில் எத்தனை பிள்ளைகள்?
மருத்துவமாதின் கொப்பியில் எழுபத்துமூன்று.
கிராம உத்தியோகத்தர் பட்டியலில் ஐம்பத்தெட்டு.
தோட்டத்து ஆபீசில் நாற்பத்தொன்று,
அது பிள்ளை மடுவத்தில் பால் வாங்கும் தலைகள் மட்டும்.
கூட்டி மூன்றால் வகுக்கலாம் என்றார் ஒருவர்.
வகுத்தோம்.
ஐம்பத்தேழு பிள்ளைகளும்
மூன்றில் ஒரு பிள்ளையும் வந்தது.

சந்தனமேரி அதுவரை வாய் திறக்கவில்லை.
கீழ்க்கணக்கிலிருந்து வந்த உறுப்பினர்,
முந்தின வருஷம் வரைக்கும் கொழுந்து பறித்தவர்.
"கொழுந்து குறைஞ்சா எங்களுக்கு அரைப்பேர் போடுவாங்க.
பிள்ளைக்குமா?"

ஞாயிற்றுக்கிழமை நடந்தே எண்ணினோம்.
அட்டை கடித்த காலில் ஹேமமாலி சவர்க்காரம் தடவிக்கொண்டு
வாசல் வாசலாகப் பெயர் எழுதினாள்.
ஆறாம் லயத்தில் நிதுர்ஷன்.
தாய் குவைத்தில், தகப்பன் கொழும்பில் ஏதோ ஒரு கடையில்.
முறை வைத்து நாலு வீட்டில் சாப்பிடுகிறான்.
நாலு வீட்டிலும் "எங்கட புள்ளதான்" என்றார்கள்,
நாலு தடவை எழுதி மூன்று தடவை வெட்டினோம்.
எந்தப் பட்டியலிலும் அவன் இல்லை.

மொத்தம் அறுபத்தொன்பது.
அதைவிடப் பெரிய இலக்கம் ஒன்று இருந்தது:
மடுவம் நாலு மணிக்குச் சாத்தும்.
தராசு ஐந்து மணிக்குத்தான் வரும்.
இடையில் உள்ள அந்த ஒரு மணித்தியாலம்
பதினொரு வயதுப் பெண்களின் இடுப்பில் இருந்தது.
தம்பியைத் தூக்க மூன்று மணிக்கே
பள்ளிக்கூடத்து மேல்வகுப்பை விட்டு ஓடிவருகிறவர்கள்.

ஒரு மணித்தியாலம், இரண்டு ஆயாக்கள்,
மாதம் இருபத்தாறு நாள், பன்னிரண்டு மாதம்.
நிலை, இலக்கு, குறிகாட்டி என்று
நான் பலகையில் கட்டம் போட்டு முடிப்பதற்குள்
ஹேமமாலி விரலிலேயே போட்டுவிட்டாள்:
ஒன்பது தெருவிளக்கு.

யாருடைய ஒன்பது?
மழை மட்டும் பேசியது.
மயானச் சுவரை யாரும் தொடவில்லை,
செத்தவர்களுக்கு வாக்கு இல்லாவிட்டாலும்
சொந்தக்காரர் இருக்கிறார்கள்.
"எங்க வட்டாரத்து ஒன்பதையும் எடுங்க" என்றார் சந்தனமேரி.
ஒன்பதுக்கு ஏழு. நிறைவேறியது.
யாரோ கை தட்டினார்கள், நானும்.

மாசி மாதம் அவரிடமிருந்து அழைப்பு.
"ஆயாமார் வந்துட்டாங்க சேர், பிள்ளைங்க உள்ள இருக்கு.
ஆனா கோயில் வளைவுல நேத்து ராத்திரி
ஆறுமுகத்தோட மகன் விழுந்து கால் முறிஞ்சிருச்சு.
லைட்டு எங்கன்னு வாசல்ல நிக்கிறாங்க.
என்னா சொல்றது?"

என் அட்டவணையில் கடைசி நிரலுக்குக்
குறிப்புகள் என்று பெயர்.
பயிற்சிகளில் அதை வெறுமையாக விடலாம் என்பேன்.

நான் பேசாமல் இருந்தேன், அவரும் வைக்கவில்லை.
பின்னால் ஒரு ஆயா தலை எண்ணுவது கேட்டது,
முப்பத்தேழு, முப்பத்தெட்டு,
எவனோ ஓடியிருப்பான்,
ஏய் என்று ஒரு சத்தம்,
மறுபடி ஒன்றிலிருந்து.